கம்பெனி பிரியாணி

நான் நர்ஸாக வேலை பார்க்கும் செஞ்சி ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் மார்கழியில் ஒருநாள், நெஞ்சுநோய் வார்டுக்கு மட்டும் பிரியாணி உண்டு. பழைய டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்துப்போன நிலக்கரிக் கம்பெனிப் பங்குகளின் லாபத்தில் போட்ட சாப்பாடு அது. கம்பெனி பிரியாணி என்போம்.

நைனா அந்தக் கம்பெனியின் சுரங்கத்தில்தான் இருபது வருடம் உழைத்தார். லீவு கிடைத்தால் வடக்கேயிருந்து ரயிலில் திண்டிவனம் வந்து, பஸ் பிடித்து செஞ்சியில் இறங்குவார். நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கிடப்போம். எவ்வளவு குளித்தாலும் அவர் காது மடிப்பில் கரித்தூள் இருக்கும். நான் பாவாடை நுனியால் துடைத்தால் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பார். நைனா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது, அந்தச் சிரிப்புக்கு மனசு இன்னும் ஏங்குகிறது. அவருடைய சுரங்கச் சம்பளத்தில்தான் நான் நர்ஸிங் படித்தேன்.

வேலையை விட்டு வந்தவர் இருமலையும் கூடவே கொண்டுவந்தார். பனி விழுந்தால் எங்கள் வார்டில் அவருக்கு ஒரு கட்டில் நிச்சயம். பிரியாணி நாளில் மட்டும் தலைவாரி, சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார். "நல்லா சாப்டுங்க, எங்க கம்பெனி சாப்பாடு" என்று பக்கத்துக் கட்டில்காரர்களை உபசரிப்பார், ஏதோ பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி. எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பார்த்துக்கொண்டே நிற்கவும் தோன்றும்.

பிறகு புதிதாக வந்த டாக்டரம்மா ஊழியர் கூட்டத்தில் கேட்டார்: "மூச்சு வாங்குறவங்களுக்கு வைத்தியம் பாக்குற நாம, நிலக்கரியில காசு போட்டு வெச்சிருக்கலாமா?"

பங்குகளை விற்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நியாயம் எனக்கா தெரியாது? ஆனாலும் தின்ற சோற்றுக்குத் துரோகம் செய்வதுபோல் கை கனத்தது. கடைசி ஆளாகத் தூக்கினேன்.

பங்குகளை விற்றுவிட்டார்கள், கம்பெனி பிரியாணியும் நின்றது. நைனாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பெருமையைப் பிடுங்கிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த மார்கழியில் வார்டிலிருந்த எட்டுப் பேருக்கும் நானே வீட்டில் பிரியாணி செய்து ஆட்டோவில் கொண்டுபோனேன். "கம்பெனி பிரியாணி வந்துட்டுது நைனா" என்று வாய் கூசாமல் புளுகினேன்.

இரண்டு வாய் சாப்பிட்டார். யாரையும் உபசரிக்கவில்லை.

"காரமே இல்லியேமா. எனக்கு இருமல் வரும்னு மொளகாவ கொறைச்சிப் போடறது நீ மட்டுந்தான். வார்டுல பேசிக்கிட்ட மாதிரி பங்க வித்துட்டாங்களா?"

"ஆமா நைனா."

"நீ இன்னா சொன்ன?"

"விக்கலாம்னு கை தூக்கினேன்."

நைனா தட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"எனக்கு இருமல் வர்றதுக்கு முன்னாடியே யாராவது கைய தூக்கியிருக்கலாமேமா" என்றார்.