திறப்பு அவர் கையில், எஞ்சின் ஓட்டத்தில்

இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு பொலிஸ்காரர் என் காரை மறித்தார்.

"எஞ்சினை நிப்பாட்டுங்க."

"ஒரு நிமிசம் சேர். சூட்டோட நிப்பாட்டினா டர்போ போயிடும்."

பழைய சாமான் கடையில் எடுத்த டர்போ. இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை.

அவர் கையை உள்ளே விட்டு, சாவித் துவாரத்திலிருந்து திறப்பைப் பிடுங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சூடு ஆறும்வரை ஓட ஒரு டைமர் பூட்டியிருக்கிறேன்.

"திறப்பு இல்லாம எப்பிடி ஓடுது? களவு வண்டியா மல்லி?"

"ஐயோ, இல்ல சேர். மல்லி எண்டு தம்பி முறை சொல்லிட்டீங்க, கெஞ்சிக் கேக்கிறன், கொஞ்சம் பொறுங்க..."

"நிப்பாட்டு!"

டைமரை அணைத்து எஞ்சினை நிறுத்தினேன். பத்திரங்களைப் பார்த்தார். எல்லாம் சரி.

"ஸ்டார்ட் பண்ணிப் போங்க."

திறப்பைத் திருப்பி வாங்கி ஸ்டார்ட் செய்தேன். பின்னால் ஒரே நீலப் புகை; டர்போ போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"இவ்வளவு புகையோட எப்பிடி ரோட்டுக்கு வந்தீங்க?" என்று தண்டச்சீட்டு எழுதத் தொடங்கினார்.

அந்தப் புகைக்குக் காரணம் அவர்தான் என்று மரியாதையாகச் சொல்ல ஒரு வசனம் வேண்டும். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.