தங்கை பார்த்த ஆட்டம்

வால்மோரா சந்தையில் என் ஆலிவ் கடைக்கு எதிரே மீன் விற்பவள் மிலாக்ரோஸ். கணவர் இறந்த பிறகும் கால்பந்து மைதானத்தில் அவருடைய இருக்கைக்கும் சேர்த்தே சீசன் டிக்கெட் வாங்கி வந்தாள். எங்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அவமானமான வருடத்தில்கூட சொந்த ஊர் ஆட்டம் ஒன்றையும் அவள் விட்டதில்லை.

சென்ற சீசனில், இங்கே நடக்க வேண்டிய லீக் ஆட்டம் ஒன்றை அமெரிக்காவில் நடத்தப்போவதாக அறிவித்தார்கள். சந்தையே கொதித்தது. மிலாக்ரோஸ் மட்டும் குனிந்து மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆட்டம் போன அதே நகரத்தில்தான் அவள் தங்கை ரொசாவ்ரா இருந்தாள். ஊரில் இருந்தவரை மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவள். அக்கா ஆட்டத்துக்குக் கிளம்பினால் கேலி செய்தவள்.

அன்று மதுக்கடைத் தொலைக்காட்சியில் பார்க்க எல்லோரும் கூடினோம். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த மிலாக்ரோஸ் வந்து கதவோரம் நின்றாள். மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். அந்த வருடம் எங்கள் கண் முன்னால் ஒருநாளும் அப்படி ஆடியதில்லை. கடையே ஆடிப்பாடியபோது அவள் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ரொசாவ்ரா எங்கள் அணியின் நீலச் சட்டையில் சிரித்தாள். அவள் தோளில் கோல்கீப்பர் உனாயின் கை. மிலாக்ரோஸ் படத்தை என்னிடம் காட்டினாள், பிடுங்கிக்கொண்டாள், மறுபடி தானே பார்த்தாள்.

"இவளுக்கு நீலம் எடுபடவே எடுபடாது" என்றாள்.

அடுத்த வாரம் உனாய் வழக்கம்போல் மீன் வாங்க வந்தான். நல்ல பையன், சூது தெரியாதவன். அங்கே ஜனங்கள் காட்டிய அன்பைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

"பந்தைச் சும்மா பிடிச்சாலே எழுந்து நின்னு கத்துறாங்க அக்கா. இங்க மாதிரி திட்டுறதே இல்ல."

"அப்ப மீனையும் அங்கயே வாங்கிக்கப்பா" என்று மிலாக்ரோஸ் அவன் பொட்டலத்தைப் பிரித்து மீனை மறுபடி பனிக்கட்டி மேல் அடுக்கினாள். அவன் வெறுங்கையோடு போனான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரொசாவ்ரா ஊருக்கு வந்தாள். அவளுக்கு இப்போது கால்பந்துப் பைத்தியம். வந்ததும் வராததுமாக மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினாள். அத்தானின் இருக்கையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டதாக மிலாக்ரோஸ் சொன்னாள். அது பொய். ஆட்டத்தன்று அந்த இருக்கையில் அவளுடைய கோட்டு மட்டும்தான் கிடந்தது. கடைசி நிமிடத்தில் கோல் போட்டு ஜெயித்தோம். பின்வரிசையிலிருந்த நான் அவள் துள்ளிக் குதித்ததைப் பார்த்தேன்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போனோம். ஆட்டம் எப்படி என்று ரொசாவ்ரா கேட்டாள்.

"சப்புன்னு இருந்துச்சு. நீ வராததே நல்லது."

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சேக்கா."

மிலாக்ரோஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். தங்கை உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்தாள். உனாய் நன்றாக ஆடினானா என்று மெல்லக் கேட்டாள்.

"எங்க உனாய் எப்பவும் நல்லாத்தான் ஆடுவான்" என்றாள் மிலாக்ரோஸ், திரும்பிப் பார்க்காமல்.