எரிந்த விளக்கும் நான் ஒட்டிய ஸ்டிக்கரும்

சபையாருக்கு ஸ்தோத்திரம். போன வருஷம், 2005-ல், இதே இடத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். நீங்கள் அல்லேலூயா சொன்னீர்கள். அதில் பாதியை மறைத்துவிட்டேன். இன்றைக்கு முழுசாகச் சொல்கிறேன்.

என் பெயர் தேவதாஸ். கூனிமேட்டிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குத் தினமும் காலையில் பெண்களை வேனில் ஏற்றிப் போகிறவன். அந்த வருஷம் சீசன் தொடங்கும்போது வண்டிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மாடல் வேன்களில் பிரேக் எச்சரிக்கை விளக்கு சரியாக வேலை செய்யாமல் போகலாம், பாண்டிச்சேரிக்குக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இருந்தது. அதுவரை படித்ததோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சீசனில் ஒரு நாள் வண்டியை நிறுத்த மனசு வரவில்லை.

சில நாளில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. எப்போதும் முன்சீட்டில் உட்காரும் அஞ்சலை அக்கா கேட்டார்.

"ஏம்பா தாசு, இன்னாத்துக்கு ரெட் லைட்டு எரியுது?"

"அது பொய் லைட்டுக்கா. கம்பெனிக்காரனே எழுதிட்டான்."

எங்கள் ஊரில் எது கெட்டாலும் உப்புக்காற்று மேல் பழி போடுவோம். உப்புக்காற்றில்தான் விளக்கு கெட்டுவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மறுநாளும் எரிந்தது. கண்ணை உறுத்தியது. சபையில் கொடுத்த 'இயேசு காக்கிறார்' ஸ்டிக்கரை எடுத்து, சரியாக அந்த விளக்கின் மேலேயே ஒட்டினேன். ஒட்டிவிட்டு ஜெபமும் பண்ணினேன். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள். பின்னால் பத்துப் பெண்கள். முன்னால் ஒரு பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரைக்கும் போனது. உப்பில் துருப்பிடித்த குழாய் வழியாக ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. "ஆண்டவரே, என்னை எடுத்துக்கோ, இவங்கள விட்டுடு" என்று கத்தினேன். ஸ்டியரிங்கை ஒடித்தேன். வேன் சரிவில் இறங்கி, வரப்பை உடைத்து, உப்புப் பாத்திச் சேற்றில் புதைந்து நின்றது. எல்லோரும் பிழைத்தார்கள். அஞ்சலை அக்காவுக்கு மட்டும் வலது கை முறிந்தது.

என் ஜெபம் கேட்கப்பட்டது. அது சத்தியம். அதைத்தான் போன வருஷம் சொன்னேன். கடிதத்தைச் சொல்லவில்லை. ஸ்டிக்கரைச் சொல்லவில்லை.

அந்த சீசன் முழுக்க அக்கா உப்பு வாரவில்லை. ஒரு வார்த்தை என்னைத் திட்டவும் இல்லை. கை எலும்பு கூடி மறுபடி வண்டி ஏறிய அன்றைக்கு மெதுவாகக் கேட்டார்.

"தாசு, சர்ச்சுல சொன்னியாமே. லைட்டப் பத்திச் சொன்னியா?"

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கடைசி வரி: விளக்கு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்திப் பிரேக் ஆயிலைப் பாருங்கள். ஆண்டவர் காக்கத்தான் செய்தார், பிரியமானவர்களே. கடிதம் போட்டார், விளக்குப் போட்டார், அக்காவைக் கேட்க வைத்தார். நான்தான் அவர் பெயராலேயே அவர் வாயை மூடினேன்.

அதுவரை உள்ளூரில் குழாயை மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் எல்லாம் மாற்றிவிட்டேன். ஸ்டிக்கர் இப்போது பின்கதவில் இருக்கிறது. நீங்களும் அவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே, அவர் காட்டுவதையும் பாருங்கள்.

நம் சபைக்கு வராத அஞ்சலை அக்கா இன்றைக்கு நான் கூப்பிட்டதற்காக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, லைட்டப் பத்திச் சொல்லிட்டேன்.