சிலுவைராஜ் போட்ட முதல் குறி

சிலுவைராஜ் கை நீட்டாமல் பேசி நான் பார்த்ததில்லை. ஜூரோங் கப்பல் பட்டறையில், எண்ணெய்த் தொட்டிகளுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் ஃபோர்மன் அவர். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். மூக்கு இரண்டு முறை உடைந்தவர். அவர் உடைத்த மூக்குகள் வேறு. ஞாயிறு பூசையில் கூப்பிய கையாலேயே திங்கட்கிழமை அறைவார். எங்கள் ஊரின் முதல் பட்டதாரியான என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்.

1987இல் தொட்டி வாசலில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஆள் இறங்கினால் எத்தனை பேர் என்ற எண்ணை ஃபோர்மன் தட்ட வேண்டும். ஏறினால் கழித்தல் குறியோடு தட்ட வேண்டும். கூட்டினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். அந்த நிரலைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரு நாள் காலை, பெயிண்ட் டின் பக்கத்தில் சிகரெட் பற்றவைத்த மருதப்பனை சிலுவைராஜ் உதடு கிழிய அறைந்து தொட்டிக்குள் விரட்டினார். சாப்பாட்டு வேளையில் தொட்டி வெடித்தது. தளம் குலுங்கியது. வாசல் வழியாகக் கரும்புகை பீறிட்டது.

"மூடியப் போட்டு, தீயணைக்கிற கேஸத் திறங்க! எல்லாரும் சாப்பிடப் போயாச்சு லா!" என்று கத்தினார் சேஃப்டி ஆபீசர் எட்மண்ட். அந்த கேஸ் தீயோடு, உள்ளே இருப்பவன் மூச்சையும் அடக்கிவிடும்.

அதுவரை யாருக்கும் தேவைப்படாத கூட்டலைக் கம்ப்யூட்டரிடம் கேட்டேன். 'எண் அல்ல' என்றது திரை.

"நம்பரே இல்லன்னா ஆளே இல்லன்னுதான? மூடு!" என்றார் எட்மண்ட்.

சிலுவைராஜின் முட்டி எட்மண்டின் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமும் தளத்தில் விழுந்தன. அடுத்த கணம் என் கழுத்து அவர் பிடியில். "டேய் டிகிரி! உள்ள ஆள் இருக்கா இல்லையா, சொல்லுடா!"

மூச்சுத் திணறத் திணற முதல் வரிக்குப் போனேன். அங்கே எண் இல்லை; ஒரு கூட்டல் குறி மட்டும். கடிதமோ கணக்கோ, உச்சியில் சிலுவை போடாமல் சிலுவைராஜ் எதையும் தொடங்கியதில்லை. நிரல் அந்தச் சிலுவையையும் ஆள்கணக்கில் கூட்டப் பார்த்திருக்கிறது. எண்ணாகாத ஒன்று நுழைந்துவிட்டால், பிறகு எத்தனை கூட்டினாலும் விடை எண்ணாகாது. அந்த வரியை அழித்தேன்.

ஒன்று.

சுற்றி நின்ற முகங்களை சிலுவைராஜ் ஒருமுறை பார்த்தார். மருதப்பன் இல்லை. வீங்கிய வாயோடு நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூசி உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறான். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சிலுவைராஜ் புகைக்குள் இறங்கினார். தலைமுடியைப் பிடித்து அவனை இழுத்து வந்தபோது அவருடைய இடது கைத் தோல் உரிந்து தொங்கியது. மூச்சு வரும்வரை கன்னத்தில் அறைந்தார். மூச்சு வந்ததும் மருதப்பன் அவர் நெஞ்சில் உதைத்தான். வாங்கிக்கொண்டார்.

எட்மண்ட், தடுக்கி விழுந்து தன் பல் போனதாக எழுதிக்கொடுத்தார்.

எண் அல்லாததைத் தட்டும்போதே மறுக்கும்படி நிரலைத் திருத்தினேன். கட்டுப்போட்ட கையோடு திரும்பிய சிலுவைராஜ் வழக்கம்போல் சிலுவையைத் தட்டினார். 'பீப்' என்றது. கம்ப்யூட்டரைக் குத்தக் கை ஓங்கினார்.

"சாமி பேரு இல்லாம ஒருத்தனையும் எறக்க மாட்டேன்டா!"

கூட்டலில் சேராத ஒரு வரியை உச்சியில் வைத்துக் கொடுத்தேன். அதில் சிலுவை, அடுத்த வரியில் எண்.

ஏணியில் கால் வைத்த மருதப்பன் திரையை எட்டிப் பார்த்தான். "என்னையும் சேத்துட்டீங்களா?"

"சேத்தாச்சு, எறங்குடா நாயே" என்று அவன் ஹெல்மெட்டில் ஓங்கி ஒன்று வைத்தார்.