சுடர்விழியின் உள்ளங்கை

ட்ரோன் நின்றதும் சுடர்விழி அதன் நான்கு மோட்டார்களையும் விரலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தைத் தொடுகிற தொடல். நான்கும் ஒரே சூடாக இருந்தால் பைக்குள் போகும். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அன்றைக்கு அது மறுபடி பறக்காது. "நாலும் ஒரே வேலதான் பாக்குது. ஒண்ணு மட்டும் ஏன் சுடணும்? உள்ள எதையோ இழுத்துக்கிட்டுச் சுத்துது" என்பார். பிறகு விசிறியைக் கழற்றிவிட்டு அந்த மோட்டாரைக் காதருகே கொண்டுபோய் ஒரு விரலால் மெல்லச் சுழற்றுவார். அப்போது யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

நீடாமங்கலம் கடைத்தெருவில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு வேலை. முப்பத்தைந்தை நெருங்குகிறார். மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள். சர்க்கரை பார்க்க வருகிற கிராமத்துப் பெண்கள் வாசலிலேயே விசாரிப்பார்கள்: "அந்த ஒல்லிப் புள்ள இருக்கா? அது குத்துனா எறும்பு கடிச்சாப்புலகூட இருக்காது." அவர் அதிகம் பேசுவதில்லை. "அந்தப் பக்கம் பாருங்க" என்று மட்டும் சொல்வார். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். அப்பா மருதையன் ஊரில் ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். அதே வயலில் முன்பு கூலிக்கு நடவு நட்ட குடும்பம்.

ட்ரோன் வந்த கதை எளியது. கல்யாண வீடியோ எடுக்கும் தௌபீக் பெரியதாக ஒன்று வாங்கியபோது, தன்னிடமிருந்த கையகல ட்ரோனைச் சுடர்விழிக்கு விற்றார். தெருவில் விசாரணை நடந்தது.

"கல்யாணத்துக்கு எடுப்பியா?"

"மாட்டேன்."

"யூட்டியூப்ல போடுவியா?"

"இல்ல."

"அப்ப எதுக்குடி காசக் கொண்டுபோயிக் கொட்டுன?"

"பாக்கத்தான்."

உண்மையில் அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு மேலே அதை நிறுத்திவிட்டு, ஒரே நடவில் பச்சை எத்தனை விதமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அப்பாவின் வயலை மேலிருந்து காட்டினார். மருதையன் போனை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா இந்த மூலைய நேராத்தான் இருக்குன்னு நெனச்சு உழுதுக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஏற்றுவதைப் பற்றி சுடர்விழிக்குக் கவலை கிடையாது. இறக்குவதில்தான் அவருக்குக் கண்டிப்பு. மோட்டாரின் மூடிக்குள் சுற்றிலும் காந்தம். ஆற்று மணலில் இறக்கினால் மணலோடு கலந்திருக்கிற கருந்துகள் கிளம்பி அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, சுற்றுகிறபோதெல்லாம் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை அராவும். களத்தில் இறக்கினால் வைக்கோல் துணுக்கு அச்சில் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஏதோ ஒரு வீட்டுக் காதணி விழாவின் பழைய ஃபிளெக்ஸ் பேனரை ஸ்கூட்டியில் சுருட்டி வைத்திருக்கிறார். அதை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, அச்சிட்ட தாய்மாமனின் நெஞ்சில் இறக்குவார். "மாமா மூக்குல போயி இறங்குச்சுன்னா காத்து இழுக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கு வீட்டுக்குப் போயிரணும்."

சம்பா நட்ட பிறகு விரிக்க இடம் இருக்காது. எங்கும் தண்ணீர். கீழே நோக்கியிருக்கிற ட்ரோனின் கண்ணுக்குத் தளும்புகிற தண்ணீர் தரையாகப் படுவதில்லை. தடுமாறி நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் அவர் கையை உயர்த்தி உள்ளங்கையில் வாங்குவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல்களைத் தட்டையாக வைத்து, அது தானாக வந்து உட்காரும்வரை அசையாமல் நிற்பார். பிடிக்கப் போகிறவர்களைத்தான் விசிறி வெட்டும் என்பது அவர் கணிப்பு.

சென்ற ஐப்பசியில் ஒரு கரிச்சான் குருவி ட்ரோனைத் துரத்தி வந்து மோதியது. ட்ரோன் வாய்க்காலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து வீட்டில் வைத்துவிட்டு சுடர்விழி வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் அதைக் காணவில்லை. மகளுக்கு உதவுவதாக நினைத்து மருதையன் அதைக் குறுவை நெல் குவியலுக்குள் புதைத்து வைத்திருந்தார்.

"நனைஞ்ச போன அரிசியில போட்டா தண்ணிய உறிஞ்சிரும்னு சொல்றாங்கல்ல? நம்மகிட்டதான் நெல்லாவே கெடக்கே."

"அப்பா, அந்த நெல்லே ஈரமா இருக்குன்னுதான காலையில கொள்முதல்ல திருப்பி அனுப்புனாங்க?"

மருதையன் சற்று யோசித்தார். "ஆமால்ல" என்றார்.

ஈரத்தோடு நெல்லின் சுணையும் மோட்டாருக்குள் இறங்கியிருந்தது. சுடர்விழி ஊசி போடுகிற சிரிஞ்சில் ஸ்பிரிட்டை எடுத்து, மூடியின் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவினார். ஒவ்வொரு கழுவலுக்கும் மோட்டாரைக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் தட்டி, என்ன வந்தது என்று பார்த்தார். மூன்று மோட்டார்கள் பழையபடி சுற்றின. வலது பின்பக்கத்து மோட்டார் மட்டும் ஓரிடத்தில் சற்றே தயங்கி, பிறகு விடுபட்டது. முழங்கால் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொட்டால் அது சுட்டது. தௌபீக்கிடம் காட்டினார். "அக்கா, கம்பியில பூச்சு உரிஞ்சிருச்சு. கழுவுனாலும் வராது. மோட்டாரு மாட்டியிருக்குற ட்ரோன் கையையே மாத்தணும். சென்னையிலேருந்து வரவழைச்சுத் தாரேன், அதுவரைக்கும் ஏத்தாதீங்க" என்றார் அவர். சுடர்விழி அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தார்.

அவர் தெருவுக்குச் சுடுகாடு வடிகால் கரையில் இருக்கிறது. நடுவே வயல். முன்பு அங்கே நால்வர் பாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்கு அகலமான வரப்பு இருந்தது. வருடந்தோறும் இரண்டு பக்கத்து வயல்காரர்களும் வரப்பைச் சீவிச் சீவி இப்போது அதில் ஒருவர் நடந்தாலே வழுக்குகிறது. பாதை கேட்டுத் தெருவிலிருந்து மனுப் போட்டார்கள். பார்வையிட வந்த அதிகாரி சித்திரை வெயிலில் வந்தார். அறுத்த வயல் வெடித்துக் காய்ந்து கிடந்தது. "எங்க வேணாலும் நடக்கலாமே, வண்டியே போகுமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்தே தெருவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நிற்கிற மாதத்தில் ஒரு சாவு விழுந்தால் மேலிருந்து எடுத்துக் கொடு என்று. வயலுக்குள்ளிருந்து போனில் எடுத்தால் பயிர்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் வரப்பு எவ்வளவு, ஆள் எங்கே நடக்கிறான் என்பது தெரியும். சுடர்விழி மறுத்தார். "ஒருத்தர் சாவட்டும்னு நான் பேட்டரி போட்டு வெச்சுக்கிட்டு உக்காரணுமா?"

"நீ உக்காந்தாலும் உக்காராட்டியும் வர்றது வரத்தானம்மா போவுது" என்றார் மருதையன்.

கார்த்திகையில் வீரையன் இறந்தார். ஊரின் நீர்கட்டி. வாய்க்காலில் எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு என்று மண்வெட்டியோடு ராத்திரி பகலாக அலைந்தவர். சுடர்விழிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. அந்த வாரம் முழுக்க மழை. வயலில் முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே சேறு. தெருக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

"இன்னிக்கு விட்டா அடுத்த வருசந்தான் சுடரு."

"ஒரு மோட்டாரு போயிருச்சு. அது விழும்."

"விழுந்தா விழட்டும். புதுசு வாங்கித் தாரோம்."

"தூக்கிட்டுப் போறவங்க தலையில விழுந்தா?"

சுடர்விழி எழுந்து வீரையன் வீட்டுக்குப் போய், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சித்தி செவ்வந்தியிடம், "மேலேருந்து எடுக்கச் சொல்றாங்க சித்தி. எடுக்கவா?" என்று கேட்டார். செவ்வந்தி முகத்தைப் பார்க்காமலே தலையசைத்தார். ஆட்களுக்கு நேர்மேலே கொண்டுபோக மாட்டேன், ஓரமாகப் பயிருக்கு மேலேதான் நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டு சுடர்விழி பீரோவைத் திறந்தார்.

அந்தத் தெருவில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆண்கள் குளித்துவிட்டு வந்ததும், "எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். "நல்லபடியாப் போச்சு" என்று பதில் வரும். எந்த மழையிலும் எந்த வெள்ளத்திலும் அதே பதில்தான்.

சுடர்விழியும் தெருமுனையில் பெண்களோடுதான் நின்றார். உள்ளங்கையிலிருந்து ட்ரோனை ஏற்றி, வயலுக்கு மேலே ஓரமாக அனுப்பினார். போன் திரையில் பச்சைக்கு நடுவே மெல்லிய கோடாக வரப்பு. பாடை அதில் போகவில்லை. தூக்கியவர்கள் இரண்டு பக்கமும் இடுப்பளவு பயிருக்குள் இறங்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வெளிர் வட்டங்களாகப் பறைகள். தோல் நனையாமலிருக்க அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள்.

பாதி வழியில் முன்னால் தூக்கியவர் ஏதோ பள்ளத்தில் காலை வைத்து மார்புவரை இறங்கினார். பாடை சாய்ந்தது. மாலைகள் முதலில் தண்ணீரில் விழுந்தன. பிறகு வீரையனின் தலையும் ஒரு தோளும் சேற்றுத் தண்ணீருக்குள் போயின. முன்னால் போனவர்கள் பறையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து தூக்கினார்கள். ஒருவர் தன் துண்டால் அந்த முகத்தைத் துடைத்தார். தெருமுனையில் நின்றவர்களுக்குத் தொலைவில் பயிர் அசைவது மட்டுமே தெரிந்தது.

திரையில் மோட்டார் எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் வந்தது. சுடர்விழி ட்ரோனைத் திருப்பினார். அது வலது பின்பக்கமாகச் சாய்ந்தபடி, ஒரு கால் இழுக்கிற கோழியைப் போல வந்தது. பெண்கள் கூடி நின்றிருந்ததால் அங்கே வாங்க முடியாது. அவர் வயலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் எல்லோருக்கும் எட்டத்தில் போய் நின்று இடது கையை உயர்த்தினார். ட்ரோன் இறங்குகிறபோதே சுற்ற ஆரம்பித்தது. ஒருமுறை கைக்கு அருகே வந்து விலகியது. மறுமுறை வந்தபோது, தானாக உட்காரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சேற்றில் போனால் அதற்குள் வீடியோ பதிந்திருக்கிற கார்டும் போய்விடும். எட்டிப் பிடித்தார். விசிறி உள்ளங்கையைக் கட்டை விரலின் அடியிலிருந்து குறுக்கே வெட்டியது. விடாமல் கவிழ்த்து நிறுத்தினார்.

கரையேறியபோது பெண்கள் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினார்கள். யாரோ முந்தானையைக் கிழித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே செவ்வந்தி அவர் முன்னால் வந்து நின்றார்.

"நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? எப்படிப் போச்சு புள்ள?"

"நல்லபடியாப் போச்சு சித்தி" என்றார் சுடர்விழி.

கையில் தையல் போட்டு, கட்டோடு வேலைக்குப் போன நாட்களில் ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மா, "ஊருக்கே ஊசி குத்துனியே, உனக்கு யாரு குத்துனா?" என்று கேட்டுச் சிரித்தார். சுடர்விழி ஊசியை வலது கையிலும் கட்டுப் போட்ட கையை மேஜைக்குக் கீழேயும் வைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து புது மோட்டார் வந்தது. தௌபீக் அதைப் பற்றவைத்துக் கொடுத்தார். சுடர்விழி இன்னமும் ட்ரோனை முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றிப் பார்க்கவில்லை.

வீடியோவை அவரும் மருதையனும் மட்டும் பார்த்தார்கள். பாடை சாய்ந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று சுடர்விழி கேட்டார். மருதையன், "அது இல்லாட்டி, தண்ணியில நடந்தாங்க, அவ்வளவுதானன்னு ஆபீசரு சொல்லிடுவான்" என்றார். வெட்டவில்லை.

பாதை கேட்டு செவ்வந்தியின் கையெழுத்தோடு மறுபடி மனுப் போட்டார்கள். தை மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். புது அதிகாரி, பொறுமையாகப் பேசுகிறவர். சித்தியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு சுடர்விழியும் மருதையனும் உள்ளே போனார்கள். "இறந்தவர் சம்சாரம் வந்திருக்காங்களா? மனுவுல அவங்க கையெழுத்துதான இருக்கு, உள்ள வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. செவ்வந்தி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

சுடர்விழி போனை மேஜையில் வைத்து ஓடவிட்டார்.

"சத்தம் இல்லையே?"

"அதுக்குக் காது கிடையாதுங்க சார். பாக்க மட்டுந்தான்."

வரப்பு தெரிந்தது. பயிரை விலக்கிக்கொண்டு ஆட்கள் தெரிந்தார்கள். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அந்த இடம் நெருங்கியபோது சுடர்விழியின் இடது உள்ளங்கை திரையின் மேல் வந்து படிந்தது.

"கைய எடுங்கம்மா. தெரியல."

"கொஞ்சம் பொறுங்க சார். இந்தா, அடுத்தாப்புல வருது."

"எதுக்கு மறைக்கிறீங்க? நான் முழுசாப் பாக்க வேணாமா?"

கை எடுபடவில்லை. பின்னாலிருந்து செவ்வந்தி வந்து, தையல் தழும்பில் படாமல் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை மெல்லத் தூக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எடு புள்ள. எத்தன சாவுக்குத்தான் தெருமுனையிலயே நின்னுட்டுத் திரும்புறது? நானும் பாக்குறேன்."

அதற்குள் திரையில் ஆட்கள் மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். சுடர்விழி சித்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, மறு கையின் விரலால் வீடியோவைப் பின்னால் ஓட்டி, கை மறைத்த இடத்துக்கே கொண்டுபோய், போனை எடுத்து அதிகாரிக்கும் சித்திக்கும் தெரிகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தார்.