மஞ்சள் கோடு போட்ட ஞாயிற்றுக்கிழமை

வெளிநாட்டில் இருக்கும் நாம் ஊருக்கு என்ன செய்யலாம் என்று சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மதியம், பிரியாணிக்கு முன்னால். நான் கால் மணி நேரம் பேசினேன். பணம் அனுப்பினால் மட்டும் போதாது, கற்றுக்கொண்டதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். பேச்சுக்குத் தட்டினார்களா, சாப்பாடு வந்ததற்குத் தட்டினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சுக்கு என்றே எடுத்துக்கொண்டேன். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரண்டு வருடம் தேய்ந்துவிட்டு, ஏஜெண்டைப் பிடித்துப் போனவன். சிங்கப்பூர் தொழிற்சாலையில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் பொருள். சுத்தியலுக்குக்கூட அதன் உருவத்தைச் சுவரில் வரைந்து இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஆறு வருடம் அதைப் பார்த்தவனுக்கு, அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு விடுமுறைக்கு ஓசூர் வந்தேன். அக்கா வீட்டுக்காரர் மூக்கண்டப்பள்ளியில் தகர ஷெட் ஒன்று எடுத்து இரும்பு கடையும் கேப்ஸ்டன் லேத் மெஷின்கள் மூன்று போட்டிருந்தார். விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. மாமா இருபது வருடம் இன்னொருவன் கம்பெனியில் நின்றுவிட்டு, கடைசியில் சொந்தமாக ஷெட் போட்டார். பைக்குக்குப் போகும் புஷ் என்ற சின்ன இரும்பு வளையங்களைக் கடைந்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பார்.

நான் போய் இறங்கிய அன்றே சொன்னார். "மாப்ள, செவ்வாக்கெழம கம்பெனி ஆளு வாராரு. பார்த்துட்டு ஓகேன்னா புது ஆர்டர். இல்லன்னா இருக்கிற ஆர்டரையும் வேற ஷெட்டுக்கு மாத்திருவாங்க. ஷெட்ட மூடிட்டு நான் திரும்பவும் எவன் கம்பெனி கேட்டுலயாவது போய் நிக்கணும்."

"நான் இருக்கேன்ல மாமா."

"அதான் கேக்கேன். பதினெட்டுப் பக்கம் பாரம் குடுத்திருக்காங்க. பூராம் இங்கிலீஷ். அத மட்டும் எழுதிக் குடு."

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பாரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காகிதத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஷெட் ஷெட் மாதிரி இருக்க வேண்டும் என்றேன். மாமா வெளிநாட்டில் இருப்பவன் சொல்கிறானே என்று சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவரும் அக்காவும் கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. காலையில் சுண்ணாம்பும் மஞ்சள் பெயிண்டும் வாங்கினேன். கூலிக்கு இரண்டு ஆட்களைப் பிடித்தேன். சுவர் முழுக்க சாக்பீஸ் கிறுக்கல், எண்ணும் கோடுமாக. எல்லாவற்றின் மேலும் வெள்ளையடிக்கச் சொன்னேன். மெஷின்களுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒரு கம்பி கட்டியிருந்தது. அதில் முப்பது புஷ்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கின. சிவப்பு நூல், பச்சை நூல், நீல நூல். கோயில் மரத்தில் வேண்டுதலுக்குக் கட்டுவதுபோல இவர்கள் ஏதோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எதிலும் பெயர்ச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாத பொருள் குப்பை. சிங்கப்பூர் பாடம். தெருவில் வந்த பழைய இரும்பு வண்டியில் மூட்டையாகப் போட்டேன். பிறகு மண்டி போட்டுத் தரையில் நானே மஞ்சள் கோடு இழுத்தேன். நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தேன். சங்கத்துக்கு அனுப்ப.

திங்கள் காலை முதலில் வந்தது செட்டர். கல்லாவிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவள் வீட்டில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். இவள் ஓசூர் வந்து ஹெல்பராகச் சேர்ந்து மெஷின் செட் பண்ணக் கற்றவள். கேப்ஸ்டனை ஒருமுறை சரியாக செட் செய்துவிட்டால் ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் தள்ளும். செட்டிங் தப்பினால் நூற்றுக்கணக்கில் தப்பும். அந்த ஷெட்டே அவள் கையில்தான் ஓடியது. எனக்கு அது தெரியாது.

வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருண்ணா இது பண்ணது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

"கம்பியில மாட்டியிருந்த பீஸ் அத்தினியும் எங்கண்ணா?"

"துருப்பிடிச்சதா? போட்டாச்சு."

"எங்க போட்டீங்க?"

"பழைய இரும்புக்கு."

அவள் பையை ஆணியில் மாட்டப் போனாள். ஆணியையும் நான் பிடுங்கியிருந்தேன். பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஓனர் இன்னும் வரலீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

பிறகுதான் சொன்னாள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் கம்பெனி சரியென்று ஒப்புக்கொண்ட முதல் பீஸ் ஒன்றைக் கம்பியில் மாட்டுவார்கள். எந்த மெஷின் என்பதற்கு நூலின் நிறம். மறுபடி அதே ஆர்டர் வந்தால் அந்தப் பீஸை மெஷினில் மாட்டி, கடையும் டூலை அதன் மேல் தொட வைத்து செட் செய்வார்கள். சுவரில் இருந்த கிறுக்கல், எந்த மெஷின் அளவில் எவ்வளவு தள்ளிப்போகும் என்ற கணக்கு.

"டிராயிங் இருக்குல்ல? டிராயிங்கப் பார்த்து செட் பண்ணலாமே" என்றேன், இன்னும் சூப்பர்வைசராகவே.

"பண்ணுங்கண்ணா" என்று நகர்ந்து நின்றாள்.

இரண்டு மணி நேரம் போராடி நாற்பது பீஸ் கடைந்தேன். டிராயிங்கில் உள்ள அளவு அப்படியே வந்தது. பெருமையோடு கொடுத்தேன். அவள் ஒரு பீஸை எடுத்து, அது உட்கார வேண்டிய ஷாஃப்டில் மாட்டினாள். ஏறவில்லை. இன்னொன்று. அதுவும் ஏறவில்லை.

"டிராயிங் பழசுண்ணா. போன வருசம் கம்பெனியில உள்ளாற கொஞ்சம் பெருசு பண்ணுங்கன்னு வாயால சொல்லிட்டுப் போனாங்கோ. எழுதித் தரல. அது பீஸ்லதான் இருந்துச்சு."

அந்த நேரத்தில் மாமா வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார், வெறும் கம்பியைப் பார்த்தார், என் கையில் இருந்த புஷ்ஷைப் பார்த்தார்.

"மாப்ள, நீ சிங்கப்பூர்ல எத்தன வருசமா இருக்க?"

"ஆறு வருசம் மாமா."

"நல்லாத்தான இருந்தோம் அந்த ஆறு வருசமும்."

நானும் செட்டரும் கெலமங்கலம் ரோட்டில் இருந்த பழைய இரும்பு குடோனுக்கு மாமாவின் பைக்கில் பறந்தோம். லோடு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டது. குடோன்காரரிடம் அவள் கன்னடத்தில் விவரம் சொன்னாள். எனக்குக் கன்னடம் வராது. நடுவில் 'சிங்கப்பூர்' என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. அதற்கப்புறம் அந்த ஆள் சிரித்ததும் புரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை முன்னால் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தோடு வந்தாள். எங்கள் ஷெட்டில் கடைந்து, கம்பெனி மேலே முலாம் பூசி, தன் முத்திரை குத்தி விற்கும் அதே புஷ். எங்கள் சரக்கை நாங்களே கடையில் வாங்கினோம்.

"மேல பூச்சு கீது. அத்தக் கழிச்சிட்டு வெச்சா சரியா வரும்" என்றாள். வந்தது. சாயங்காலம் மெஷின் ஓடியது. கையில் இருந்த ஆர்டரின் அந்த ஒரு புஷ்ஷுக்கு மட்டும் வழி கிடைத்தது. மற்ற இருபத்தொன்பதும் போனது போனதுதான்.

மாமா அந்தப் பதினெட்டுப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். எழுத உட்கார்ந்தேன். உங்கள் செட்டிங் முறை என்ன, தவறு நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், யார் பொறுப்பு. எதற்கும் எனக்கு விடை தெரியாது. செட்டரைக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சிங்கப்பூரில் நாங்கள் சீட்டு ஒட்டிச் செய்ததை இவர்கள் நூல் கட்டிச் செய்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு நாலு வருடம், மாமா பிரவுசிங் சென்டரிலிருந்து பாரங்களை அனுப்புவார், நான் சிங்கப்பூரிலிருந்து எழுதி அனுப்புவேன். நான் ஊருக்குச் செய்த முன்னேற்றம் என்று சொன்னால் அது ஒன்றுதான். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆள் வந்தார், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரர், என்னைவிடச் சின்னவர். வருடக்கணக்காக எண்ணெய் குடித்த தரையில் பெயிண்ட் காயுமா? அவர் ஷூவின் அடியில் மஞ்சள் ஒட்டியது. "இது எதுக்குங்க?" என்று காலைத் தூக்கிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பாரத்தை முழுக்கப் படித்தார். அதில் எழுதியிருந்தபடியே ஒரு செட்டிங்கைத் தன் முன்னால் செய்து காட்டச் சொன்னார். செட்டர் செய்தாள். மூன்றாவது பீஸ் அளவுக்குள் வந்தது. அவர் தலையாட்டினார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"மத்த ஓகே பீஸெல்லாம் எங்க?"

மாமா என்னைப் பார்த்தார்.

"வெள்ளையடிக்கறப்ப தப்பாப் போயிடுச்சுங்க சார்" என்றாள் செட்டர். யார் தப்பு என்று அவள் சொல்லவில்லை.

அவர் பாரத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டினார். "ஆறு மாசம் டிரையல் தர்றேன். பதினஞ்சு நாள் கழிச்சு வருவேன். பீஸ் அத்தனையும் அப்ரூவல் வாங்கி இங்க தொங்கணும். இல்லன்னா இருக்கிற ஆர்டரும் கிடையாது" என்றார்.

என் விடுமுறையில் மிச்சம் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் கடைவாள். நான் பீஸைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் வரிசையில் நிற்பேன். ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக நின்ற அதே கேட்டுகள். அளந்து பார்ப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். காத்திருப்பேன். திருப்பி அனுப்பினால் ஷெட்டுக்கு ஓடிவந்து மறுபடி எடுத்துப் போவேன். பதினொன்றாம் நாள் இருபத்தாறு ஆனது. மூன்று பாக்கி.

அன்று சாயங்காலம் அவள் புது வெள்ளைச் சுவரில் ஆணி அடித்துக் கம்பியை இழுத்துக் கட்டினாள். ஒவ்வொன்றாக நூல் போட்டு மாட்டினாள். நான் ஒரு பச்சை நூலை எடுத்து நீட்டினேன்.

"அது செவப்புண்ணா" என்று வாங்காமலே சொன்னாள். பிறகு, "ஃப்ளைட்டு எப்பங்கண்ணா?"

"நாளன்னைக்கு."

"மீதி மூணையும் நான் பாத்துக்கறேன். நீங்க அதுவரைக்கும் வீட்லயே இருங்க."

பக்கத்து லேத்தில் மாமா முதுகைக் காட்டி நின்றிருந்தார். தோள் குலுங்கியது. வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.