ஆரஞ்சு கலரும் ஏழுமலையின் காலும்

தொழிற்சாலை நர்ஸ் என்றால் வெட்டுக்காயத்துக்கு மருந்து போடுகிறவள் என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி நேரம் நான் மாரடிப்பது ஆம்பிளைகளின் நாக்கோடு. வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

தாகம்

கும்மிடிப்பூண்டியில் எங்களுடையது இரும்பு உருக்கும் ஆலை. ஏழுமலை அண்ணனுக்கு உலைப் பக்கம் வேலை, காண்டிராக்ட் ஆள். சுகர் முன்னூறைத் தாண்டி நின்றது. "கால்ல வந்து நிக்கும்ணா, கால் போனா வேலையும் போகும்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மனுஷன் கேட்டால்தானே! வாசல் கடையில் ஜில்லென்று ஆரஞ்சு கலர், ஷிப்டுக்கு மூன்று பாட்டில். உள்ளே டிரம்மில் இருக்கும் தண்ணீரோ வெந்நீர். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "வெயிலு ஏறிக்கினே போவுது சிஸ்டர், உங்க மாத்திர தாகத்த அடக்குமா இன்னா?"

கூழ்

கேன்டீன்காரரிடம் சண்டை போட்டுக் கேழ்வரகுக் கூழும் மோரும் வைக்கச் சொன்னேன். முதல் நாள் வேடிக்கைக்குக் குடித்தார்கள். அப்புறம் அண்டா அப்படியே இருந்தது. பின்பக்கக் குழியில் கொட்டி, அது புளித்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. வாசல் கடையில் மட்டும் கும்பல்; பிளாஸ்டிக் டப்பாவில் ஃப்ரைட் ரைஸ், கூடவே கலர். அந்தக் கும்பலுக்கு ஏழுமலை அண்ணன்தான் தலைவர். ஏன் குடிக்கவில்லை என்றதும் சிரித்தார்: "கூழு ஊத்த இது இன்னா ஆடி மாசமா சிஸ்டர்? நாங்க இன்னா பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கா வந்துகிறோம்?"

புகை

கடைக்காரர் காலி பாட்டில், டப்பா எல்லாவற்றையும் எங்கள் சுவருக்குப் பின்னால் கொளுத்துவார். புகை நேராக என் அறைக்கு. மூச்சிரைத்து வந்தவர்களைப் படுக்க வைத்துவிட்டுப் போய்க் கத்தினேன்: "வருஷா வருஷம் வெயில் ஏறுதே, அதுல இந்தப் புகைக்கும் பங்கு இருக்குய்யா!" ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏறட்டும் சிஸ்டர், வெயிலு ஏறுனாத்தான் நம்ம பொயப்பு ஓடும்."

கால்

கத்திரி வெயிலில் ஒரு நாள் ஏழுமலை அண்ணனின் ஷூவுக்குள் தீப்பொறி விழுந்திருக்கிறது. சுகரில் மரத்த கால், சுட்டதே தெரியவில்லை. சீழ் வைத்த பிறகுதான் என்னிடம் வந்தார். பாவி மனுஷா என்று அழுதேவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காண்டிராக்டர் மறுநாளே வேறு ஆளைப் போட்டார். நான் பார்க்கப் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய பாட்டில் ஆரஞ்சு கலர், கூட வேலை செய்தவர்கள் வாங்கி வைத்துவிட்டுப் போனது. கீழே கொட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்: "உட்டுடு சிஸ்டர், பசங்க ஆசையா வாங்கியாந்தானுங்க. காலு போச்சு, வேல போச்சு. இனிமே போறதுக்கு இன்னா கீது?"

வெயில் இன்னும் ஏறுமாம். நான் பஞ்சும் கட்டுத்துணியும் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன், கடைக்காரர் இன்னொரு ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார்.